போதுமான கறுப்பு

திங்கள், காலை 07.20
நிலவுச் சுரங்க முகாம், ஸ்கேன் அறை.
பதிவு: செண்பகவல்லி, எம்ஆர்ஐ டெக்னீஷியன். சொந்த ஊர் கோவில்பட்டி.

மெஷின் சரி. காந்தம் சரி. அறை வெப்பம் சரி. வருடாந்திர வயிற்று ஸ்கேன் இன்று தொடக்கம். சுரங்க ஆட்கள் பதினொரு பேர், நான் பன்னிரண்டாவது.

எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வருபவருக்காக நடைமுறையை எழுதி வைக்கிறேன். இங்கே டாக்டர் கிடையாது. நான் படம் எடுப்பேன். பூமியில் இருக்கும் சர்வர் அதைப் பார்த்துச் சான்று கொடுக்கும். சென்னையில் டாக்டர் ரகோத்தமன் கையெழுத்துப் போடுவார். போடுவார் என்ன போடுவார், கையெழுத்து அச்சாகியே வருகிறது.

ஸ்கேனுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு பை மருந்து குடிக்க வேண்டும். இரும்புத் துகள் கலந்த கறுப்புத் தண்ணீர். சாதாரணமாக வயிற்றில் கிடக்கும் நீர் இந்தப் படத்தில் பளீரென்று வெள்ளையாக விழும். அந்த வெளிச்சத்தில் பின்னால் இருக்கும் பித்தக்குழாயும் கணையமும் தெரியாது. மருந்தைக் குடித்தால் இரைப்பையும் குடலும் கறுத்துவிடும், மற்றதெல்லாம் தெளிவாகத் தெரியும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. மதுரையில் வேலை பார்த்தபோது இதற்கு அன்னாசிச் சாறே கொடுத்திருக்கிறோம். அதில் இருக்கும் மாங்கனீஸ் அதே வேலையைச் செய்யும், குடித்தவர்கள் இன்னொரு டம்ளர் கேட்பார்கள். இங்கே கம்பெனி அனுப்புவது துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்டு ஆரஞ்சு மிட்டாய் கரைத்த மாதிரி இருக்கும். ஆட்கள் வைத்த பெயர் கரிச்சாறு.

குடிக்காமல் டிமிக்கி கொடுக்க முடியாது. வயிறு கறுப்பாக இல்லையென்றால் சர்வர், “மருந்து போதாது. மீண்டும் எடுக்கவும்” என்று படத்தைத் திருப்பிவிடும். கறுப்பாக இருந்தால், “மருந்து போதுமான அளவு. பணிக்குத் தகுதி.” அதோடு நான் தேர்ந்தெடுக்கும் ஒரு படத்தை வாழ்த்து அட்டையில் போட்டு ஆளின் வீட்டுக்கும் அன்றைக்கே போனில் அனுப்பும். உங்கள் வீட்டுக்காரர் நலமாக இருக்கிறார் என்று காட்டுவதற்காம். டிரில் ஓட்டும் சூசை ரொட்ரிகோவின் மனைவி ஸ்டெல்லா, போன வருடத்து அட்டையை அச்சடித்து பிரேம் போட்டு மணப்பாட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். வயிற்றைப் போய் யாராவது சுவரில் மாட்டுவார்களா!

இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் வழக்கம்போல வாசலில் வரிசையாக நின்று அரை டம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளித்து விழுங்கினார்கள். இங்கே துப்பக்கூடாது. வாயில் இருக்கும் நிலவுத் தூசி தண்ணீர் பில்டரை அடைத்துவிடும் என்று கம்பெனி விதி. நானும் சேர்ந்து நிற்பேன், மெஸ்ஸில் பறக்கும் தூசி என் வாயிலும்தானே இருக்கிறது. சூசைதான் முன்னால் நின்று “சியர்ஸ்” சொல்வார். இன்று சொல்லவில்லை. வயிறு வலி என்றார்.

திங்கள், பிற்பகல் 15.40

சூசை கரிச்சாற்றை இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டார். மூன்றாவது பையைக் காட்டியதும் இன்டர்காமில் சொன்னது பதிவாகியிருக்கிறது:

“எக்கா, இதக் குடிச்சா கொடலே வெளிய வந்துரும் போல. மூணு நாளா வெளிக்கிப் போவல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. விட்டுருங்க.”

தொட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே கல் மாதிரிதான் இருக்கிறது. குடல் அடைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. இது ஆபரேஷன் கேஸ், இங்கே கத்திரிக்கோல்கூட ஒழுங்காக இல்லை.

ஒரு வழி இருக்கிறது. சனிக்கிழமை நண்பகல் சரக்குக் கலம் பூமிக்குத் திரும்புகிறது. அதில் ஒரே ஒரு இருக்கை. மற்றவர்கள் எல்லாம் அடுத்த அணி வந்திறங்கும் கப்பலில்தான் வீடு திரும்ப முடியும். அந்த ஒற்றை இருக்கை, தகுதிச் சான்று இல்லாதவருக்கு. சான்று இருப்பவர் போய் நின்றால் கதவு திறக்காது. மருந்து குடிக்க முடியாதவருக்குச் சான்று கிடையாது என்பது கம்பெனியே எழுதிய விதி. ஆக, வெறும் தண்ணீரைக் கொடுத்துப் படம் எடுப்பேன். சர்வர் “போதாது” என்று திருப்பும். மூன்று முறை திருப்பினால் சூசைக்கு இருக்கை. ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, அவர்கள் விதிப்படியே.

செவ்வாய், காலை 08.10

சூசைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர். மருந்து இல்லை. படம் அனுப்பினேன்.

சர்வர் பதில்: “மருந்து போதுமான அளவு. பணிக்குத் தகுதி. வாழ்த்துகள், சூசை ரொட்ரிகோ.”

என்ன கூத்து இது? படத்தைத் திறந்து பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய குடல் மை கொட்டின மாதிரி கறுப்பு. நேற்று குடித்ததில் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாளை மறுபடி எடுக்கிறேன்.

புதன், காலை 09.00

நேற்றிலிருந்து தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. வாந்தியில் வருவதும் தெளிந்த தண்ணீர்தான். மறுபடி ஸ்கேன். மேஜை உள்ளே போகும்போது இன்டர்காமில்:

“எக்கா… எக்கா, நிறுத்துங்க. வயித்துக்குள்ள தூண்டில் போட்டு இழுக்கற மாதிரி இருக்கு. மருந்துதான் குடிக்கலியே, பெறவு ஏன் இழுக்கு?”

போன வருடமும் பலர் இப்படி இழுக்கிறது என்று சொன்னார்கள். மருந்தின் இயல்பான விளைவு, பயம் வேண்டாம் என்று கம்பெனி கையேட்டில் போட்டிருக்கிறது. நானும் அதைத்தான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லியிருக்கிறேன்.

சர்வர்: “மருந்து போதுமான அளவு. பணிக்குத் தகுதி.”

குடிக்காத மருந்து எப்படிடா போதும்?

புதன், காலை 11.30

மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களை மெஷினுக்குள் வைத்துப் படம் எடுத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் கரிச்சாறு. மூன்றாவதில், வாசலில் சூசையின் பூட்ஸிலிருந்து தட்டிய தூசியைத் தண்ணீரில் கலக்கி வைத்தேன்.

தண்ணீர் வெள்ளை. கரிச்சாறு கறுப்பு. தூசி அதைவிடக் கறுப்பு. ஒரு வித்தியாசம் உண்டு. கரிச்சாற்றின் கறுப்பு பாட்டிலுக்குள் அடங்கி நிற்கிறது. தூசியின் கறுப்பு பாட்டிலைத் தாண்டிப் பிதுங்கி ஓரங்களை வளைத்திருக்கிறது. நிலவுத் தூசியில் இரும்பு இருக்கிறது, காந்தம் இழுத்தது அதைத்தான். சூசை படத்திலும் ஓரங்கள் வளைந்திருக்கின்றன. சர்வருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கறுப்பு இருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குப் பார்க்கத் தெரியும்.

பழைய படங்களைத் திறந்தேன். எல்லோரும் கரிச்சாறு குடித்து எடுத்தவை. அந்தக் கறுப்புக்குள் தூசி இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கறுப்புக்குள் கறுப்பு.

இப்போது புரிகிறது. இந்தத் தூசி காற்றில் வரவில்லை, சாப்பாட்டில் வரவில்லை. நாங்களே தினமும் வரிசையில் நின்று, கொப்பளித்து, விழுங்கியிருக்கிறோம். இங்கே எடை குறைவு, குடல் சோம்பிப் போய்க் கிடக்கும், உள்ளே போனது வெளியே வராமல் ஒட்டிக்கொண்டு இறுகிவிட்டது. பில்டர் அடைத்தால் மாற்ற வேண்டும், மாற்றினால் செலவு. மனுஷன் வயிறு அடைத்தால் வேறு மனுஷனை அனுப்பிக்கொள்ளலாம். எங்களைத்தான் பில்டராக வைத்திருக்கிறார்கள். நாசமாய்ப் போக!

புதன், மாலை 16.00
சென்னை இணைப்பு, பதிவானபடி.

“டாக்டர், சூசை படத்துல இருக்கறது மருந்து இல்ல. தூசி. குடல் அடைச்சிருக்கு. சனிக்கிழமை அவர ஏத்தி விடணும்.”

“வல்லி, டென்ஷன் ஆகாதீங்க. தண்ணி குடுத்து எடுத்த படம் நம்ம புரோட்டோக்கால்லயே இல்லம்மா.”

“உங்க சர்வர் ஏத்துக்கிச்சே சார்?”

“ஏத்துக்கிட்டா மருந்து உள்ள இருக்குன்னு அர்த்தம்.”

“பையப் பிரிக்கவே இல்ல சார்! இந்தா, கையில வச்சிருக்கேன், கேமராவுல நல்லாப் பாருங்க. பிரிக்காத பை எப்படி சார் வயித்துக்குள்ள போவும்?”

“…இதோ பாருங்க. இந்த முறையில தூசி தெரியாது. தெரியாத ஒண்ண நான் எப்படி ரிப்போர்ட்ல எழுதறது?”

“அப்போ தெரியற முறையில எடுங்க.”

“எடுத்துட்டுதாம்மா இருந்தோம். ஆரம்பத்துல தண்ணிதான் குடுத்தோம். எல்லாரையும் திருப்பி அனுப்பற மாதிரி ஆயிடுச்சு, வேலைக்கு ஆளே நிக்கல. அப்புறம்தான் மேல இருந்து இந்த மருந்துன்னு மாத்தினாங்க. என் கையில ஒண்ணும் இல்ல.”

இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

கையில் ஒன்றும் இல்லையாம். கை அவருடையது, கையெழுத்து அவருடையது, ஒன்றும் இல்லையாம்! படித்த மனுஷன், நல்ல மருந்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தும் மூன்று வேளை சாப்பிட்டுத் தூங்குகிறார். நோயைக் காட்டுவதற்கு இருக்கும் மருந்தைக் கொண்டு நோயை மூடியிருக்கிறார்கள். எனக்கு வாயில் நல்லா வருகிறது, பதிவில் எழுத முடியாது.

புரோட்டோக்காலாம், மண்ணாங்கட்டி!

வியாழன், காலை 06.50

இரவு ஷிப்ட் முடிந்து வாசலில் நின்ற எல்லோரிடமும் சொன்னேன். சூசை படத்தையும் மூன்று பாட்டில் படத்தையும் காட்டினேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்கள். பிறகு முத்தையாபுரம் வேலாண்டி கொப்பளித்துத் தரையில் துப்பினார். அவருக்குப் பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் துப்பினார்கள். நானும் துப்பினேன். தரையெல்லாம் சாம்பல் நிறச் சேறு.

வீட்டுக்குப் பேசும் லைன் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. பழுது என்கிறார்கள். நம்பிட்டோம்.

சூசைக்கு ஜுரம் ஏறிவிட்டது. நாளை மறுநாள் கலம் போய்விடும்.

வியாழன், காலை 10.15

லைன் இல்லாவிட்டால் என்ன, அட்டை போகிறதே!

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த இடத்தில் வலி என்று படத்தில் குறிக்க, தோலின் மேல் மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டி வைப்போம். எண்ணெய் படத்தில் வெள்ளையாக மின்னும். மெஸ்ஸில் மீன் எண்ணெய் மாத்திரை டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. சூசையின் வயிற்றில் மாத்திரைகளை வரிசையாக ஒட்டி ‘மண்’ என்று எழுதினேன். புள்ளிக்கு ஒரு மாத்திரை. தோலோரமாக ஒரு படம், உள்ளே கறுத்த குடலுக்கு ஒரு படம். சூசையின் அட்டைக்கு இதுவரை எந்தப் படமும் குறிக்கவில்லை, இப்போது தோல் படத்தைக் குறித்தேன்.

வேலைக்காரனின் வயிற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று சர்வர் பார்க்கப் போவதில்லை. பார்க்கவும் இல்லை. “மருந்து போதுமான அளவு. பணிக்குத் தகுதி. வாழ்த்துகள்.”

மற்ற பத்து பேரும் வரிசையில் வந்து படுத்தார்கள். ஒருவரும் கரிச்சாறு குடிக்கவில்லை, ஒரு படமும் திரும்பி வரவில்லை. பதினொரு வயிற்றிலும் அதே சொல். மாத்திரை ஒட்டும்போது வேலாண்டி கூச்சத்தில் நெளிந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கும் மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டெல்லா, பிரேம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடு தாயே.

வெள்ளி, மாலை 17.30

லைன் வந்தது. கம்பெனி கொடுக்கவில்லை, எங்கள் வீட்டு ஆட்கள் பிடுங்கியிருக்கிறார்கள்.

“எக்கா, நான் ஸ்டெல்லா பேசறேன். அட்ட வந்துச்சு. இவிய வயித்துல மண்ணுன்னு எழுதியிருக்கு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. வேலாண்டி அண்ணன் பொண்டாட்டிக்கு போன் போட்டா, அவ கையில இருக்கற அட்டயிலயும் அதே எழுத்து. எல்லாத்துக்கும் போட்டுப் பாத்தோம். பதினோரு வீட்டுலயும் மண்ணுதான். காலையிலேயே கம்பெனி கேட்டுக்கு வந்து குறுக்க உக்காந்துட்டோம். புதுசா மேல போவப் போற பயலுவ வீட்டு ஆளுவளும் வந்துட்டாவ, டிவிக்காரனும் வந்துட்டான். இவிய உசுரோட எறங்கற வரைக்கும் இந்த கேட்டத் தாண்டி ஒரு காரு போவாது. நீங்க அங்க தைரியமா இருங்க. இவிய கிட்ட சொல்லுங்க, நான் திட்டலன்னு சொல்லுங்க.”

சூசையிடம் சொன்னேன். சிரித்தார். சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று அழுதார். நானும் அழுதேன். எழுதி வைக்கிறேன், எனக்கு வெட்கம் இல்லை.

சனி, பிற்பகல் 12.20

காலை 10 மணிக்குச் சென்னை அறிவிப்பு: “மனிதாபிமான அடிப்படையில் சூசை ரொட்ரிகோவின் தகுதிச் சான்று ரத்து செய்யப்படுகிறது.” மனிதாபிமானமாம்! கேட்டில் உட்கார்ந்த பொம்பளைகளுக்கு இவர்கள் வைத்த பெயர்.

கதவு திறந்தது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போய் இருக்கையில் கட்டினார்கள். கலம் சரியாகக் கிளம்பிவிட்டது. கடைசியாக ரேடியோவில்:

“எக்கா, நான் இல்லன்னு வேற எவனாவது சியர்ஸ் சொன்னா கேக்காதிய. துப்புங்க. நல்லா காறித் துப்புங்க.”

அவர் பிழைத்துக்கொள்வார். பூமியில் ஆபரேஷனுக்கு ஆள் தயாராக இருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார்.

செவ்வாய், காலை 07.05

மெஷின் சரி. காந்தம் சரி. பில்டர் அடைத்துவிட்டது. குடிக்கும் தண்ணீர் பாதி. பரவாயில்லை, அடைக்க வேண்டியது பில்டர்தான்.

சூசைக்கு ஆபரேஷன் முடிந்தது. ஸ்டெல்லாவின் தகவல். எடுத்ததை ஒரு பாத்திரத்தில் போட்டுக் காட்டினார்களாம், இரண்டு கையும் நிறையும் அளவுக்கு இருந்ததாம்.

கம்பெனி அறிவிப்பும் வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: “விசாரணை நிறைவடைந்தது. ஒரு தனிப்பட்ட உடல்நலக் குறைவே காரணம். சுவை மேம்படுத்தப்பட்ட புதிய மருந்துடன் அடுத்த அணி திட்டமிட்டபடி புறப்படும்.”

சுவையை மேம்படுத்தியிருக்கிறார்கள்! அட பாவிகளா. சுவையையா கேட்டோம்?

செவ்வாய், மாலை 18.00

மெஸ்ஸில் பேசினோம். அடுத்த அணியின் கப்பல் வந்தால் நாங்கள் அதில் ஏறி வீட்டுக்குப் போகலாம். வந்தவர்கள் எங்கள் இடத்தில் நின்று விழுங்குவார்கள். கேட்டில் இன்னும் உட்கார்ந்திருப்பவர்கள் தடுத்துக் கப்பல் வராவிட்டால் எங்களுக்குச் சரக்குக் கலம்தான். மூன்று மாதத்துக்கு ஒன்று, அதில் ஒற்றை இருக்கை, அதுவும் கதவு திறந்தால்.

வரட்டும் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சொன்னால் நான் தப்பாக நினைத்திருக்க மாட்டேன், எல்லோருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. வலி அதிகமாக உள்ளவர் முதலில் போவது என்று முடிவு செய்தோம். வேலாண்டி முதல். நான் கடைசி. எனக்கு வலி இல்லை என்று சொன்னேன்.

புதன், காலை 06.30

பொய். ஒரு வாரமாக இருக்கிறது.

இந்த வருடம் ஸ்கேன் பாக்கி எனக்கு மட்டும்தான். அட்டையை இன்னும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் கேட்டில் இருப்பவர்கள் விட மாட்டார்கள். லைனில் வாயால் சொன்னால் கம்பெனி மறுத்துவிடும், படத்தை மறுக்க முடியாது. என் அட்டை அக்கா வீட்டுக்குப் போகும். என்ன செய்ய வேண்டும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும், அதை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டெல்லாவிடம் போவாள்.

மருந்து குடிக்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை, இருக்கிற தண்ணீர் வேலாண்டிக்கு. மாத்திரைகளை நானே என் வயிற்றில் ஒட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்து ஒட்டியதில் எழுத்து கோணல். படிக்க முடியும். ‘வராதே’.

அடுத்து இந்த நாற்காலிக்கு வர இருந்தவரே, இதை நீங்கள் இங்கே உட்கார்ந்து படிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும்.

மெஷினைத் தானாக ஓடும்படியும் தோல் படம் அட்டைக்குப் போகும்படியும் வைத்துவிட்டுப் படுக்கிறேன்.

06.52

மேஜை உள்ளே போகிறது. குரல் பதிவு. இழுக்கிறது. சூசை சொன்னது சரிதான், தூண்டில் மாதிரியே… ஏ அப்பா. கல் மாதிரி… விடாதே, ஓடட்டும். இன்னும் ஒரு படம். தோல் படம் வந்தால் போதும்… வந்துவிட்டதா…

06.58
சர்வர்:

“மருந்து போதுமான அளவு. பணிக்குத் தகுதி. வாழ்த்துகள், செண்பகவல்லி.”